கருந்திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ வந்து நின்றால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் தம்பி தங்கைகளே, ஒருநாள் அது ‘கிரப் ரெஸ்கியூ’ என்று காட்டி நின்றால் உடனே வட்டை அழித்து மறுபடி நிறுவாதீர்கள். எஸ்பிஎம் தேர்வுக் குறிப்புகளும் படங்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கணினியைத் திறந்ததும் லினக்ஸை ஏற்றும் சிறு நிரல்தான் கிரப். வட்டின் பாகங்களை (பார்ட்டிஷன்) மாற்றியமைத்ததில் பாக எண்கள் மாறி, கிரப்புக்குத் தன் கோப்புறை எங்கே என்று தெரியாமல் போயிருக்கலாம்.

‘எல்எஸ்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வட்டின் பாகங்கள் வரிசையாக வரும். ‘எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/’ என ஒவ்வொன்றாகத் திறந்து, ‘பூட்’ கோப்புறை இருக்கும் பாகத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு, ‘எச்டி0,ஜிபிடி2’ உள்ள இடத்தில் நீங்கள் கண்ட பாகத்தின் பெயரைப் போட்டு, இவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

வழக்கமான மெனு வந்துவிடும். ஆனால் இது அந்த ஒரு தடவைக்குத்தான், பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உபுண்டு, மின்ட் என்றால் உள்ளே போனதும் டெர்மினலில் முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு ‘கிரப்-இன்ஸ்டால்’, அடுத்து ‘அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள். பழைய பயாஸ் கணினியில் கிரப்-இன்ஸ்டாலுக்குப் பின்னால் வட்டின் பெயரும் வேண்டும் (/டெவ்/எஸ்டிஏ, பாக எண் இல்லாமல்).

எந்தப் பாகமுமே திறக்கவில்லையா? வட்டே பழுதாகியிருக்கலாம். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் யுஎஸ்பி) கணினியை ஏற்றி, முதலில் பிள்ளையின் கோப்புகளை நகலெடுங்கள். கிரப்பை அப்புறம் பார்க்கலாம்.