பூர்வீக வீட்டில் பிளக்கைச் செருகும் முன்

டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டு ஊருக்குப் போகும்போது, இங்கே தேக்காவில் ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட்தான். ஆனால் நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், மின்சாரம் உடம்பு வழியாகக் கசிந்தால் கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளிலும் 2025 ஜூலைக்குள் அதைப் பொருத்தச் சொல்லிவிட்டார்கள். தாத்தா கட்டிய வீட்டில் அது இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

போனதும் சுவரைப் பாருங்கள். வயரை உள்ளே வைத்து மூடி போட்ட மரக் கேசிங், தேக்கு ரீப்பர்மேல் கிளிப் அடித்து ஓடும் வயர், வட்டக் கட்டையில் பித்தளை மூடி போட்ட பீங்கான் சுவிட்ச்: இதில் எதைக் கண்டாலும் வயரிங் மிகப் பழையது.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயினை அணைத்துவிட்டுக் கேசிங் மூடியைக் கழற்றினார். துணி சுற்றிய ரப்பர், விரல் பட்டதும் காய்ந்த களிமண்ணாக உதிர்ந்தது. உள்ளே கம்பி வெள்ளையாக மின்னியது. "அலுமினியமாண்ணே?" என்றேன். "செம்புதான் தம்பி. ரப்பர்ல இருக்குற கந்தகம் செம்பை அரிச்சிரும்னு வெள்ளீயம் பூசியிருக்காங்க" என்றார். வெள்ளீயம் பூசிய அந்தச் செம்புக் கம்பியைக் கண்டால் ரப்பர் வயராக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

மெயின் பலகையில் பீங்கான் பீஸ் கட்டைகள் இரண்டிரண்டாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று பேஸுக்கு, மற்றது நியூட்ரலுக்கு. நியூட்ரல் பீஸ் போனால் விளக்கு அணையும், ஆனால் வயரில் மின்சாரம் இருக்கும். இருட்டில் பல்பு ஓல்டரைத் தொடுகிறவருக்கு அது தெரியாது.

இரண்டு ஓட்டை பிளக் பாயிண்டில் எர்த் கிடையாது. மூன்று ஓட்டை இருந்தாலும் மூன்றாவதன் பின்னால் வயரே இல்லாமல் இருக்கலாம். பரிசோதிக்காமல் அயர்ன்பாக்ஸ், கெட்டில் வேண்டாம். நிறமும் மாறும்: நம் வீட்டில் பழுப்பும் நீலமும் என்றால் அங்கே சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்.

எலக்ட்ரீஷியனிடம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் அது அடிக்கடி விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். "தொந்தரவு, எடுத்துடலாம்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் எங்கோ கசிகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த லைனைக் கண்டுபிடித்து மாற்றும்வரை அதன் பீஸ் கட்டைகளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.