கிராண்ட் ஜூரி ஆவணங்களைத் திறக்கக் கோரும் மனுக்கள்: தீர்ப்பை வாசிக்கும் முறை

2025 ஆகஸ்டின் கடைசி வாரங்களில் ஒரு ஞாயிறு மாலை, டர்பன் சட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டம் கூடியிருந்தபோது, மூத்தவர் ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, எப்ஸ்டீன் வழக்கில் ஆவணத்தைத் திறக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டாராமே, அவரையும் விலைக்கு வாங்கிவிட்டார்களா?" என்று கேட்டார். ஜெஃப்ரி எப்ஸ்டீன், சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 2019-இல் சிறையில் இறந்த அமெரிக்கச் செல்வந்தர். அவரைப் பற்றிய விசாரணைகளில் கிராண்ட் ஜூரி என்ற குழுவின்முன் இரகசியமாகப் பதிவான சாட்சியத்தை வெளியிட அனுமதி கேட்டது அமெரிக்க அரசே. மூத்தவர் கேட்டதில் தவறில்லை. தலைப்புச் செய்தியில் "மறுப்பு" என்ற ஒரு சொல்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடையில் அமெரிக்காவில் மூன்று நீதிபதிகள் தனித்தனியாக மறுத்திருந்தார்கள். ஃபுளோரிடா நீதிபதியின் காரணத்துக்கும் நியூயார்க் நீதிபதிகள் இருவரின் காரணத்துக்கும் ஏறத்தாழ எந்தத் தொடர்பும் இல்லை. முடிவை விட்டுவிட்டுக் காரணத்தைத் தேடி வாசிப்பவருக்கே இத்தகைய தீர்ப்புகள் பிடிபடும். அதற்கு நான் கையாளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிராண்ட் ஜூரி என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஜூரி விசாரணை முற்றிலும் ஒழிந்துவிட்டது. ஒருவர்மீது வழக்குத் தொடுப்பதா என்பதைத் தேசிய வழக்குத் தொடுப்பு ஆணையமே முடிவுசெய்கிறது. ஆகையால் நம்மில் பலருக்கு ஜூரி என்றால் திரைப்படத்தில் வரும் பன்னிரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள். கிராண்ட் ஜூரி அதுவன்று. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 16 முதல் 23 குடிமக்கள் வரை அமரும் அந்தக் குழு, குற்றவாளியா நிரபராதியா என்று தீர்ப்பதில்லை. குற்றம் சாட்டுவதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறது. 12 பேர் சம்மதித்தால் குற்றச்சாட்டு எழுகிறது. அந்த அறையில் நீதிபதியும் இல்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இல்லை. அரசு வழக்கறிஞர் சொல்வதை மறுத்துப் பேச ஆளில்லாத இடம் அது. அங்கே பதிவான சாட்சியத்தை முழு உண்மை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அங்கே நடப்பதை வெளியிடக் கூடாது என்பது கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறை விதி 6(இ). விசாரிக்கப்படுபவர் தப்பி ஓடாதிருக்கவும், சாட்சிகள் அஞ்சாமல் பேசவும், குற்றம் சாட்டப்படாமல் விடுபட்டவரின் பெயர் கெடாதிருக்கவும் இந்த இரகசியம் தேவை என்கிறார்கள். ஆனால் குழு உறுப்பினர்கள், அரசு வழக்கறிஞர்கள், சுருக்கெழுத்தர் போன்றோரையே அந்த விதி கட்டுப்படுத்துகிறது. சாட்சி சொன்னவரின் வாயை அது கட்டுவதில்லை. "யாருமே பேசக் கூடாதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். விதியின் வாசகத்தைப் படித்த பிறகே திருத்திக்கொண்டேன்.

இனி தீர்ப்பைக் கையில் எடுப்போம். கண் முதலில் போக வேண்டிய இடம் முதற்பக்கத்தின் தலைப்பு: எந்த மாவட்ட நீதிமன்றம், அது எந்த மேல்முறையீட்டு வட்டத்துக்கு உட்பட்டது என்பது. வட்டம் என்பது மாவட்ட நீதிமன்றங்களுக்கு மேலிருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம்; அதன் தீர்ப்பு தன்கீழ் உள்ளவற்றைக் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் பதினொரு எண் வட்டங்களும், வாஷிங்டனுக்கென்று தனி வட்டமும், ஃபெடரல் சர்க்யூட் என்ற ஒன்றும் உள்ளன. விதி 6(இ) பட்டியலிட்டுள்ள விதிவிலக்குகளுக்கு வெளியே, தம் சொந்த அதிகாரத்தால் நீதிபதி ஆவணத்தைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு இந்த வட்டங்கள் ஒரே பதிலைச் சொல்வதில்லை. உச்ச நீதிமன்றமும் இதைத் தீர்த்துவைக்கவில்லை. 2020 ஜனவரியில் இதே கேள்வியோடு வந்த மெக்கீவர் வழக்கை அது விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

இந்தப் பிளவை இரண்டு பழைய நிகழ்வுகள் தெளிவாகக் காட்டும். 1942 ஜூனில், மிட்வே கடற்போர் முடிந்த கையோடு, ஜப்பானியக் கடற்படையின் திட்டத்தை அமெரிக்கா முன்கூட்டியே அறிந்திருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் செய்தியொன்றைச் சிக்காகோ டிரிபியூன் வெளியிட்டது. அதை விசாரித்த கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் எலியட் கார்ல்சன் என்ற எழுத்தாளர் அந்தச் சாட்சியங்களைக் கேட்டபோது, 2016-இல் ஏழாம் வட்டம் திறக்கலாம் என்றது. மற்றொன்று 1946 ஜூலையில் ஜார்ஜியாவின் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே இரண்டு கறுப்பினத் தம்பதியர், மொத்தம் நான்கு பேர், கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வு. நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கிராண்ட் ஜூரி விசாரித்தும் கொலைக்காக ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. ஆந்தனி பிட்ச் என்ற வரலாற்றாசிரியர் அந்தப் பதிவுகளைக் கேட்டார். மாவட்ட நீதிமன்றம் இணங்கியது. ஆனால் 2020 மார்ச்சில் பதினோராம் வட்டத்தின் முழு அமர்வு, விதியில் இல்லாத அதிகாரம் நீதிபதிக்கு இல்லை என்று கூறி மூடிவிட்டது. மனுதாரர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். கடற்போர்ச் செய்தி வெளியே வந்ததற்கும், நான்கு பேர் கொலையின் சாட்சியம் உள்ளேயே கிடப்பதற்கும், எது முக்கியம் என்ற கணக்கு காரணமன்று. சிக்காகோ ஒரு வட்டத்திலும் ஜார்ஜியா இன்னொரு வட்டத்திலும் இருப்பதே காரணம். எனக்கு இதில் மனக்குறை உண்டு. ஆனாலும் தீர்ப்பைப் புரிந்துகொள்ளும்போது மனக்குறையைச் சற்றுத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, தீர்ப்பின் உள்ளே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள்: "எனக்கு அதிகாரம் உண்டா" என்பது ஒன்று, "இருந்தாலும் திறப்பது தகுமா" என்பது மற்றது. 2025 ஜூலை 23 அன்று ஃபுளோரிடாவில் நீதிபதி ராபின் ரோசன்பெர்க் மறுத்தது முதற்கேள்வியிலேயே முடிந்துவிட்டது. பதினோராம் வட்டத்தின் பிட்ச் தீர்ப்பு தம் கைகளைக் கட்டியிருக்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். ஆவணத்தில் என்ன இருக்கிறது என்ற பேச்சுக்கே அங்கே இடம் வரவில்லை. நியூயார்க்கோ இரண்டாம் வட்டத்தில் இருக்கிறது. அங்கே சிறப்புச் சூழ்நிலைகளில் திறக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. ஆகவே ஆகஸ்ட் 11 அன்று எப்ஸ்டீனின் கூட்டாளி கிலேன் மேக்ஸ்வெல் வழக்கில் நீதிபதி பால் எங்கல்மேயரும், ஆகஸ்ட் 20 அன்று எப்ஸ்டீன் வழக்கில் நீதிபதி ரிச்சர்டு பெர்மனும், இரண்டாம் கேள்விக்குள் இறங்கி எடைபோட்ட பிறகே மறுத்தார்கள்.

அந்த எடைபோடலுக்கு இரண்டாம் வட்டத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1997-இல் கிரெய்க் வழக்கில் வகுக்கப்பட்ட ஒன்பது அம்சங்கள் அவை. கேட்பவர் யார், அரசோ குற்றம் சாட்டப்பட்டவரோ எதிர்க்கிறார்களா, ஏன் கேட்கிறார், குறிப்பாக எதைக் கேட்கிறார் என்பன முதல் நான்கு. நடந்து எத்தனை காலமாயிற்று, சம்பந்தப்பட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இன்று என்ன நிலையில் இருக்கிறார்கள், கேட்கும் செய்தி ஏற்கெனவே எவ்வளவு வெளிவந்துள்ளது, சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா, இரகசியம் காக்க வேறு தேவை உண்டா என்பன மீதி. தீர்ப்பின் ஓரத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை பென்சிலால் எண்ணிட்டு, எந்தப் பத்தி எதற்குப் பதில் சொல்கிறது என்று குறித்துக்கொண்டே படிப்பது என் பழக்கம். எந்த எண்ணுக்கு நீதிபதி மூன்று பக்கம் செலவிடுகிறார், எதை ஒரே வரியில் கடக்கிறார் என்று பார்த்தால், அவர் மனம் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

இதை நியூயார்க் தீர்ப்புகளில் பொருத்திப் பாருங்கள். எங்கல்மேயரின் தீர்ப்பில் பாரம் முழுவதும் ஏழாவது அம்சத்தின்மேல், அதாவது ஏற்கெனவே எவ்வளவு வெளிவந்துள்ளது என்பதன்மேல், விழுகிறது. மேக்ஸ்வெல் 2021-இல் பகிரங்க விசாரணையில் தண்டிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்ட பெண்களே கூண்டேறிச் சாட்சி சொன்ன வழக்கு அது. கிராண்ட் ஜூரி முன் பேசியவர்களோ புலனாய்வு அதிகாரிகள். ஆவணத்தைத் தாமே படித்துப் பார்த்த நீதிபதி, அந்த விசாரணையைத் தொடர்ந்து கவனித்தவருக்கு இதில் புதிதாக ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது என்றார். பெர்மனின் தீர்ப்பில் இன்னும் எளிய கணக்கு இருக்கிறது: கிராண்ட் ஜூரி பதிவுகள் சுமார் 70 பக்கம்; அரசின் கையில் ஏற்கெனவே இருக்கும் விசாரணைக் கோப்புகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பக்கம். ஒரு லட்சத்தைத் தானே வெளியிடக்கூடிய அரசு, எழுபதுக்காக நீதிமன்றப் படியேறியது ஏன் என்ற வினா அந்தத் தீர்ப்பின் வரிகளுக்குள் நன்றாகவே கேட்கிறது. எங்கள் மூத்தவரிடம் இந்த இரண்டு எண்களைத்தான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாவி வீட்டிலேயே இருக்க, பூட்டுக்காரனைத் தேடிப் போன கதையா?" என்றார். அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

இரகசியத்தைத் திறக்கக் கோருபவர் தம் சொந்த வழக்குக்காகக் கேட்டால் அளவுகோல் மாறும். அப்போது 1979-இன் டக்ளஸ் ஆயில் தீர்ப்பு பேசப்படும்: வேறொரு நீதிமன்ற நடவடிக்கையில் அநீதி நேராதிருக்க அது தேவையா, அந்தத் தேவை இரகசியத்தின் தேவையைவிடப் பெரியதா, தேவையான அளவுக்கு மட்டும் கேட்டிருக்கிறாரா என்ற மூன்றும். மாநில நீதிமன்றம் என்றால் விதி 6(இ) அங்கே பொருந்தாது. அந்தந்த மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். எப்ஸ்டீனைப் பற்றிய 2006-ஆம் ஆண்டு பாம் பீச் கிராண்ட் ஜூரிப் பதிவுகள் 2024 ஜூலையில் வெளிவந்தது, ஃபுளோரிடா தன் மாநிலச் சட்டத்தைத் திருத்தியதால்தான். கூட்டாட்சிப் பதிவையும் மாநிலப் பதிவையும் ஒன்றாகக் குழப்புவது செய்திகளில் அடிக்கடி நேரும் பிழை.

தீர்ப்பின் தேதியையும் விடாதீர்கள். 2025 நவம்பர் 19 அன்று எப்ஸ்டீன் கோப்புகளை வெளியிடும் சட்டம் கையெழுத்தானது. டிசம்பரில் ஃபுளோரிடாவில் நீதிபதி ராட்னி ஸ்மித்தும், நியூயார்க்கில் ஆகஸ்டில் மறுத்த அதே எங்கல்மேயரும் பெர்மனும், ஒரு வாரத்துக்குள் திறக்க அனுமதித்தார்கள். நியூயார்க் நீதிபதிகள் இருவரும் மனம் மாறிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நான் ஏற்கவில்லை. அவர்கள்முன் இருந்த சட்டம் மாறியது. பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை மறைப்பதில் அவர்கள் காட்டிய கவலை ஆகஸ்டிலும் இருந்தது, டிசம்பரிலும் இருந்தது.

தீர்ப்பின் மூலப் பிரதியைப் பெறுவது கடினமன்று. அமெரிக்க நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணம். தீர்ப்புரைகளுக்கு அதுவும் இல்லை. கோர்ட்லிசனர் தளத்தில் பலவும் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கக் கோடையில் நியூயார்க்கைவிட நாம் ஆறு மணி நேரம் முன்னே இருப்பதால், அங்கே மாலையில் பதிவேறும் தீர்ப்பு இங்கே நள்ளிரவுக்குத்தான் வரும். மறுநாள் காலை தேநீரோடு படிப்பதே உடம்புக்கு நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் நாட்டுப் பழைய கோப்புகளைத் தேட நினைப்பவருக்கு வழி வேறு. 1977-இல் டர்பன் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் இறந்த பல்மருத்துவர் ஹூசேன் ஹஃபெஜியின் மரணம் தற்கொலை என்றே முதல் மரண விசாரணையில் பதிவானது. மீண்டும் திறக்கப்பட்ட விசாரணையில் 2023-இல் அது மாற்றப்பட்டது. அத்தகைய மரண விசாரணை பகிரங்கமானது. அங்கே யாரும் முத்திரையை உடைக்க வேண்டியதில்லை. அரசுத் துறை வைத்திருக்கும் கோப்பு என்றால், 2000-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமான தகவல் பெறும் சட்டத்தின்கீழ் அந்தத் துறையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; 30 நாட்களில் பதில் வர வேண்டும். கிரெய்க் வழக்கின் நான்காம் அம்சம் இங்கேயும் கைகொடுக்கும்: "எல்லாக் கோப்புகளும்" என்று எழுதாமல், ஆண்டு, காவல் நிலையம், வழக்கு எண் என்று குறித்துக் கேளுங்கள்.