திருகோணமலையில் நல்ல சாப்பாட்டுக் கடையை விசாரித்துக் கண்டுபிடிப்பது எப்படி?

மாற்றலாகித் திருமலைக்கு வந்த முதல் மூன்று மாதமும் நான் வாய்க்கு ருசியாக எதுவும் சாப்பிடவில்லை. ஊரில் நல்ல சாப்பாட்டுக்குக் குறைவில்லை, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. இப்போது புதிதாக வருகிறவர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். கடைப் பெயர் எதுவும் இங்கே எழுதப் போவதில்லை. சமையல்காரர் போனால் கடையின் கைப்பக்குவமும் போய்விடும். எப்படி விசாரிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: சைவமா, மச்சமா, எந்த வேளைக்கு? இதை முடிவு செய்யாமல் வாயைத் திறக்காதீர்கள்.

இரண்டாம் படி, கேள்வி. நான் இடறியது இங்கேதான். "நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே இருக்கு?" என்று கூட வேலை செய்பவரிடம் கேட்டேன். உப்புவெளிப் பக்கம் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றைக் காட்டிவிட்டார். காற்று நன்றாக இருந்தது. மீன் கறியில் உறைப்பும் இல்லை, புளியும் இல்லை. அவர் மேல் பிழை இல்லை. வெளியூர் ஆள், மரியாதையான இடமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கு எங்கே வாங்குகிறார் என்று நான் கேட்கவே இல்லையே!

சில வாரம் கழித்துப் பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஓட்டோக்கார அண்ணா ஒருவரிடம் கேட்டேன்: "அண்ணா, விடிய இடியப்பம் வேணுமெண்டா நீங்க எங்க வாங்குவீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா அவிச்சுக் குடுக்கிறா. போர்டு ஒண்டும் இல்ல. ஏழரைக்குள்ள போயிடுங்க."

போனேன். வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, வெள்ளைத் துணி போட்டு மூடிய பெட்டி. துணியை நீக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. சிவப்பரிசிமா இடியப்பம். சொதியைப் பையில் கட்டி, சம்பலை வாழையிலைத் துண்டில் மடித்துத் தந்தார். அன்றிலிருந்து என் காலைச் சாப்பாடு அங்கேதான்.

ஆகவே சாப்பாட்டின் பெயரைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள், "நீங்கள் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் பழைய கடற்கரை ஹோட்டல்தான்.

மூன்றாம் படி: ஆளைப் பார்த்துக் கேளுங்கள். மீன் சாப்பாட்டுக்கு மீன் சந்தையில் வெட்டிக் கொடுப்பவர்கள், புரியாணிக்கு முஸ்லிம் நண்பர்கள். கூகுள் மேப்பில் நட்சத்திரத்தை நான் பார்ப்பதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அதில் பாதிக்கு மேல் சுற்றுலா வந்தவர்கள் போட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. கடைசியாக ஏற்றிய படங்களைப் பாருங்கள், போதும்.

நான்காம் படி: தயிர். கிண்ணியா எருமைத் தயிர் இல்லாமல் இந்தப் பக்கத்துச் சாப்பாடு நிறையாது. முன்பு கிண்ணியாவுக்குப் போக, பாதை என்று சொல்லும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போய் வரலாம். கடையில் "எப்ப உறை ஊத்தினது?" என்று கேளுங்கள். அப்புறம் மேலே கட்டிய கடதாசியை விலக்கச் சொல்லிச் சட்டியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தயிர் நகரக் கூடாது. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதும் அந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம். பிளாஸ்டிக் டப்பாத் தயிரை நான் வாங்குவதே இல்லை.

கருவாடு வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன தங்கை ஒருவர், வெள்ளிக்கிழமை மதியம் புரியாணிக் கடை பூட்டிக் கிடந்ததாக எழுதியிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும், தொழுகை முடிந்துதான் திறப்பார்கள். தமிழர்கள் பலர் வெள்ளியில் மச்சம் சாப்பிடாததால் அன்று சைவக் கடைகளில் கூட்டம். பன்னிரண்டரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுங்கள். பௌர்ணமி நாளான போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டு. வீட்டில் சமைப்பதென்றால் முதல் நாளே வாங்கி வையுங்கள்.