பட்டினி கிடந்தால் உடம்பும் சிக்கனமாகிவிடும்

சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க வேண்டும், மூளையும் கல்லீரலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் செலவாகும் கலோரியில் 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடும். இதைத்தான் ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம் என்கிறார்கள்.

என் சித்திக்கு வயது 40, எடை 60 கிலோ, உயரம் 155 செ.மீ. எடை, உயரம், வயதை வைத்து ஓய்வுநிலைச் செலவைக் கணக்கிடும் மிஃப்ளின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், ஓய்வில் மட்டுமே சுமார் 1,200 கலோரி வருகிறது. எடை குறைக்க அவர் சாப்பிட்டதோ காலையில் வெறும் டீ, மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம், இரவு இரண்டு இட்லி. 800 கலோரியைக்கூடத் தொடாது. முதல் மாதம் எடை மளமளவென்று இறங்கியது. அப்புறம் அசையவே இல்லை. மதிய வெயிலில்கூட அவர் கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும்.

அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், திடமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் பாதி வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களுடைய ஓய்வுநிலைச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. அவர்களும் ஓயாமல் குளிர்கிறது என்றார்கள். இதில் ஒரு பங்கு, உடம்பு இளைத்ததால் வந்தது. மீதி, வரவு குறைந்ததும் உடம்பே செலவைச் சுருக்கிக்கொண்டது. ஆகவே பட்டினிதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

சித்தியின் தட்டில் இன்னொரு குறையும் இருந்தது. அவர் எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு இட்லியில் கிடைப்பது நாலைந்து கிராம். கலோரியும் இல்லை, புரதமும் இல்லை என்றால் உடம்பு தசையைக் கரைக்கிறது. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கலோரி எரிக்கும், கொழுப்பு நாலரைதான். தவிர, புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10தான். முட்டை, சுண்டல், மீன், கெட்டியான பருப்பு இவற்றை 'வெயிட் போடும்' என்று ஒதுக்காதீர்கள்.

கொள்ளு ரசம், கிரீன் டீ, சீரகத் தண்ணீர் 'மெட்டபாலிசத்தை ஏற்றும்' என்று நம்பிக் காசைக் கொட்டுவதும் வேண்டாம். பிடித்தால் குடியுங்கள், கெடுதல் இல்லை. கிரீன் டீயில் உள்ள காஃபீன் கொஞ்ச நேரம் செலவைச் சற்று ஏற்றும், அவ்வளவுதான்.

ஜிம் எடை மெஷின் அச்சடித்துத் தரும் பி.எம்.ஆர். (ஓய்வுநிலைச் செலவு) எண்ணை அளந்த எண் என்று நினைக்காதீர்கள். அதுவும் சூத்திரக் கணக்குதான். உண்மையில் அளக்க வேண்டுமானால், வெறும் வயிற்றில் படுக்கவைத்து, சுவாசத்தில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்க்க வேண்டும்.

'நாற்பதைத் தாண்டிவிட்டோம், இனி இப்படித்தான்' என்பதும் சரியில்லை. 6,400க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்து 2021இல் வெளியான ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் கொண்டால் 20 வயது முதல் 60 வரை இந்தச் செலவு பெரிதாக மாறவில்லை. அளவாகச் சாப்பிட்டும் எடை ஏறி, சோர்வும் குளிரும் சேர்ந்திருந்தால் வயதின் மேல் பழி போடாமல் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சித்திக்குத் தைராய்டு சரியாகவே இருந்தது. இப்போது காலையில் இரண்டு பெசரட்டும் (பாசிப்பயறு தோசை) ஒரு முட்டையும் சாப்பிடுகிறார். கை சூடாக இருக்கிறது.