நீலமா வெள்ளையா என்று குழப்பமா? தட்டைக் குளிரில் வையுங்கள்

குளோனிங்கில், டிஎன்ஏ துண்டு செருகப்பட்ட பாக்டீரியாக் காலனிகள் வெள்ளையாகவும் செருகப்படாதவை நீலமாகவும் தெரியும். 37 டிகிரியில் 16 மணி நேரம் வளர்ந்த எக்ஸ்-கால் (வெட்டுண்டால் நீலநிறம் தரும் வேதிப்பொருள்) தட்டிலிருந்து உடனே காலனிகளை எடுக்காதீர்கள்; 2 முதல் 4 மணி நேரம் 4 டிகிரியில் வைத்துவிட்டு எடுங்கள். குளிரில் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே உருவான பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி எக்ஸ்-காலை மெதுவாக வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டுண்ட துண்டுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனால் இண்டிகோ நிறமியாகும். வெள்ளைபோல் ஏமாற்றிய வெளிர்நீலக் காலனிகள் அப்போது அடர்நீலமாகிக் காட்டிக்கொடுக்கும். வீண் மினிபிரெப் (காலனியிலிருந்து பிளாஸ்மிட் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் வேலை) எவ்வளவு மிச்சம்!

செருகிய டிஎன்ஏ மிகச் சிறியதாக, வாசிப்புச் சட்டகம் (டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை) மாறாமல் இருந்தால் சரியான குளோனே வெளிர்நீலமாக இருக்கலாம். அதை எறியாமல் பிசிஆரில் சோதியுங்கள். பிஎல்21 போன்ற, முழு லாக்-இசட் மரபணு (பீட்டா-கேலக்டோசிடேஸை உருவாக்குவது) கொண்ட பாக்டீரியாத் திரிபுகளில் இந்த உத்தி உதவாது: அங்கே எல்லாக் காலனியும் நீலம்தான்.