காவலாளியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

‘ஒரு மனது போ என்கிறது, இன்னொரு மனது வேண்டாம் என்கிறது’ என்று அன்றாடம் சொல்கிறோம். 1980-களில் அமெரிக்கக் குடும்பநலச் சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ், உணவுக் கோளாறுகளால் அவதிப்பட்டவர்களிடம் இதே மாதிரிப் பேச்சைக் கேட்டார். அதை வெறும் பேச்சாக எண்ணி ஒதுக்காமல், அந்தந்த ‘மனதிடமே’ பேசிப் பார்த்தார். ஐ.எஃப்.எஸ். எனப்படும் அகக் குடும்ப முறை அப்படித்தான் உருவானது. அந்த ‘மனதுகளை’ இந்த முறை பாகங்கள் என்கிறது. பழைய காயத்தைச் சுமந்தபடி உள்ளே ஒளிந்திருக்கும் பாகங்கள் ஒருபுறம். அந்தக் காயம் மேலே வராதபடி காவல் காக்கும் பாகங்கள் மறுபுறம். இவற்றுக்கெல்லாம் பின்னால் நிதானமும் கருணையும் உள்ள ‘தான்’ என்ற ஒன்று இருக்கிறது என்பது இந்த முறையின் நம்பிக்கை.

எம்.டி.எம்.ஏ. (‘எக்ஸ்டசி’ என்று தெருவில் விற்கப்படுவது), சைலோசைபின் (சிலவகைக் காளான்களில் உள்ள, மனநிலையை மாற்றும் பொருள்) போன்ற மருந்துகளின் துணையோடு நடக்கும் உளச்சிகிச்சையில் இந்த முறையைக் கையாளும் சிகிச்சையாளர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில் நன்மை உண்டு என்றே நானும் நம்புகிறேன். அதனாலேயே அங்கு நடக்கும் தவறுகளைப் பார்த்துக் கவலைப்படுகிறேன்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: காவல் காக்கும் பாகத்தை எதிரியாக நினைப்பது. நாற்பது வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவருக்குக் கண் சொக்குகிறது, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், ‘நேரமாகிவிட்டதோ?’ என்கிறார். அவசரக்காரச் சிகிச்சையாளர் இதைத் தடை என்று முடிவு கட்டி, மேலும் அழுத்திக் கேட்பார். அனுபவம் உள்ளவர் அந்தத் தூக்கத்திடமே கேட்பார்: ‘நீங்கள் இப்போது வந்து இவரைத் தூங்க வைக்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள்?’ சற்று நேரம் கழித்து அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே பதில் வரும்: ‘அவள் அழ ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள்.’ எட்டு வயதிலிருந்து ஒரு பாகம் இந்த ஒரே வேலையைப் பார்த்து வந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லி, அதன் சம்மதத்தைப் பெற்ற பிறகே அவருக்குள் ஒளிந்திருக்கும் அந்த அழும் சிறுமியின் பக்கம் திரும்ப வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும்.

மருந்து இந்தப் பொறுமையைக் குலைத்துவிடக்கூடும். எம்.டி.எம்.ஏ. அச்சத்தைத் தணிக்கிறது; அந்தச் சில மணி நேரம் காவலாளிகள் தாமாகவே விலகி நிற்பார்கள். ‘கதவு திறந்துவிட்டது, எல்லாவற்றையும் இன்றே பார்த்துவிடலாம்’ என்ற ஆசை அப்போதுதான் வரும். மருந்து இறங்கியதும் அதே காவலாளிகள் திரும்பி வருவார்கள், சில வேளைகளில் முன்னைவிடக் கடுமையாக. ‘ஏன் எல்லாவற்றையும் சொன்னேன்?’ என்ற அவமானம், விட்டிருந்த குடி, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் என எந்த உருவிலும் அவர்கள் வரலாம். மருந்து நாளுக்கு முன்பே அவர்களோடு பழகியிருந்தால் இந்த எதிர்விளைவு மென்மையாக இருக்கும்.

மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்பது அடுத்த பிழை. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் மனவடுப் பாதிப்புக்காக (பி.டி.எஸ்.டி.) எம்.டி.எம்.ஏ.யை வைத்து நடந்த மூன்றாம் கட்ட மருத்துவ ஆய்வுகளில் மருந்து நாட்கள் மூன்றுதான், ஒவ்வொன்றும் சுமார் எட்டு மணி நேரம். அதற்கு முன்னால் மூன்று ஆயத்த அமர்வுகள். ஒவ்வொரு மருந்து நாளுக்குப் பின்னும், கிடைத்ததை வாழ்க்கையோடு இணைத்துப் பார்க்க மூன்று அமர்வுகள். அவற்றில் முதலாவது மறுநாள் காலையிலேயே. 2023-இல் வெளியான ஆய்வின் முடிவில், மருந்து பெற்றவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் நோய் வரையறைக்குள் வரவில்லை. இதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே சிகிச்சையை மருந்தில்லாத போலி மாத்திரையோடு பெற்றவர்களிலும் சுமார் 48 விழுக்காட்டினர் அந்த நிலையை எட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமக்குக் கிடைத்தது எது என்பதைப் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஊகித்துவிட்டதும் முடிவுகளின் மீது ஐயத்தை எழுப்பியது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தர மறுத்து, இன்னொரு ஆய்வு தேவை என்றது.

மருந்தின் பிடியில் எழும் காட்சிகளை நடந்த உண்மையாக எடுத்துக்கொள்வது குடும்பங்களையே உடைத்துவிடும். அப்போது தோன்றும் துயரம் மெய்யானது, அதை மதித்துக் கேட்க வேண்டும். ஆனால் யார், எங்கே, எப்போது என்பதற்கு அது சாட்சியம் ஆகாது. ‘உன்னிடம் இன்னொரு சிறுமி மறைந்திருக்கிறாள், தேடு’ என்று சிகிச்சையாளரே அடியெடுத்துக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது.

உடல் விஷயத்தில் மறைப்பு கூடவே கூடாது. மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியத்தை உட்கொள்பவர் சைலோசைபின் எடுத்தால் வலிப்பு வரக்கூடும். எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்துகளோடு எம்.டி.எம்.ஏ. சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எம்.டி.எம்.ஏ. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் உயர்த்தும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமான மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

தொடுதல் பற்றியும் பேச வேண்டும். கண்மூடி, மெல்லிய இசையில், மருந்தின் நெகிழ்வில் படுத்திருப்பவரால் அப்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாமல் போகலாம். 2015-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த ஆய்வு ஒன்றில், சிகிச்சையாளர்கள் நோயாளியை அணைத்துக்கொண்டதும் அழுத்திப் பிடித்ததும் காணொளிப் பதிவில் இருந்தன. அதனால் எந்தத் தொடுதல் சம்மதம், எது இல்லை என்பதை மருந்துக்கு முந்தைய நாட்களில், தெளிந்த மனதோடு இருவரும் பேசி எழுதிவைக்க வேண்டும். மருந்தின் நடுவே மனம் மாறி அதற்கு மேல் கேட்டாலும் சிகிச்சையாளர் மறுக்க வேண்டும். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொன்னால், முன்பு சம்மதித்த தொடுதலையும் உடனே நிறுத்த வேண்டும்.

எங்கே செய்துகொள்வது என்ற கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மனவடுப் பாதிப்புக்கு எம்.டி.எம்.ஏ.யும், பிற சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு சைலோசைபினும் தரலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 21 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் பெற்ற சைலோசைபின் மையங்கள் இருக்கின்றன. இந்தியாவில் இவை 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. ரகசியமாக நடக்கும் ‘முகாம்களுக்கு’ப் போகாதீர்கள். பாகங்களோடு பேசும் சிகிச்சைக்கோ மருந்தே தேவையில்லை.

சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: ‘மருந்து நாளுக்கு மறுநாள் காலையில் என்னோடு உட்காரப் போவது யார்?’ பெயரும் நேரமும் சொல்லிப் பதில் வராவிட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.