எடைக் கருவி அசையவில்லை என்று நடையை நிறுத்தாதீர்கள்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருநாள் சலித்துக்கொண்டார். "மூன்று மாதம் நடந்தாயிற்று சார், ஒரு கிலோகூடக் குறையவில்லை. கல்லீரல் கொழுப்புக்கு இனி இதுதான்." பையிலிருந்து பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். அவருடைய பெல்ட் ஒரு துளை உள்ளே போயிருந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கல்லீரலுக்கு உதவும் நடையைச் சலித்துக்கொண்டு, அதற்கு வேலை வைக்கும் மாத்திரையை வாங்கி வந்திருந்தார்.

எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறையும். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலினும் ஒழுங்காக வேலை செய்கிறது. மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கும் சுமை கல்லீரலுக்குக் குறைகிறது. வாரம் 150 நிமிடமாவது நடக்க வேண்டும், அதுவும் பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில். அரட்டையோடு இரண்டு சுற்று வந்துவிட்டு நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் சாப்பிடுவது தனிக் கலை. அதை நடைப்பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம்.

எடையும் குறைந்தால் நல்லதுதான். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் அழற்சியே தணியக்கூடும்; 84 கிலோ உள்ளவருக்கு அது 6 முதல் 8 கிலோ. ஆனால் பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் சேரலாம்.

இனி அந்த டப்பாவுக்கு வருவோம். இயற்கைப் பொருள், என்ன செய்துவிடப்போகிறது என்பதுதான் நம் ஊரில் பெரிய தவறு. கோப்பையில் வடிகட்டிக் குடிக்கும் பச்சைத் தேநீர் வேறு, அதன் சாற்றைச் செறிவாக்கிய மாத்திரை வேறு. தேயிலையிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. (EGCG) என்ற கேட்டச்சின் வகைப் பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மஞ்சளும் அப்படித்தான். சாம்பாரில் போடும் சிட்டிகையால் தீங்கில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளோடு மிளகுச் சத்து சேர்த்த மாத்திரை உடலில் பல மடங்கு கூடுதலாக ஏறும். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. எடை குறைக்க விற்கும் குடம்புளிச் சாறு, அசுவகந்தா, சீந்தில் ஆகியவற்றாலும் சிலருக்கு அப்படி நேர்ந்திருக்கிறது.

கீழாநெல்லி? அதன் புகழில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அது பயன்படுவதாக இங்குள்ள ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. தவிர, அது கிருமியைப் பற்றிய ஆய்வு. கொழுப்பைப் பற்றியது அல்ல.

மாத்திரையோ சூரணமோ எடுக்கும்போது கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கருத்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எல்லா டப்பாக்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் காமாலைதானே என்று அதற்கும் ஒரு பச்சிலையைத் தேடிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.